கடைசியாக வருபவர் வெளியே

விபோர்க், டென்மார்க்
6.12.1987

அன்புள்ள மலர்,

நீரும் வதனியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால் எனக்குப் போதும். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உமது கடைசிக் கடிதம் செப்டெம்பர் 19ஆம் திகதியிட்டது. ஒக்டோபரில் அங்கே நடந்த சண்டையைப் பற்றி வானொலியில் கேட்டதோடு சரி. அதன் பிறகு நான் போட்ட நான்கு கடிதங்களில் எது உம்மிடம் வந்து சேர்ந்தது என்று தெரியாது.

உங்கள் இருவரையும் இங்கே அழைப்பதற்கான விண்ணப்பத்தை மே 11ஆம் திகதி இங்குள்ள பொலிஸ் நிலையத்தில் கொடுத்தேன். போன வருடம் கொடுத்தவர்களுக்கு மூன்று, நான்கு மாதத்தில் பதில் வந்தது. இப்போது நம்மவர் எவருக்கும் வருவதில்லை. திங்கட்கிழமை தோறும் அங்கே போய்க் கேட்கிறேன். முகப்பில் இருக்கும் இங்கர் என்ற பெண், தலைநகரத்தில் இருந்து எதுவும் வரவில்லை என்கிறார்.

ஒரு நல்ல செய்தி. நான் துப்புரவு வேலை செய்யும் விளையாட்டு மண்டபத்தில் பனிச்சறுக்குச் சங்கம் ஒன்று கூடுகிறது. அதன் தலைவர் ஹோல்கர், அந்த இங்கரின் கணவர். நான் பதினொரு வருடம் விளையாட்டு நிருபராக இருந்தவன் என்று அறிந்து, தங்கள் பந்தயத்தைப் பார்க்க ஆட்கள் வருவதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

இந்த நாட்டில் மலை இல்லை. சமதரைப் பனியில் நீளமான பலகைகளைக் காலில் பூட்டி, இரண்டு தடிகளை ஊன்றிப் பதினைந்து கிலோமீற்றர் ஓடுகிறார்கள். அரை நிமிடத்துக்கு ஒருவராகப் புறப்பட்டுக் காட்டுக்குள் மறைந்துவிடுவார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். வென்றவர் யார் என்பது கடிகாரம் வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். போன மாசியில் நான் பார்த்த பந்தயத்துக்குப் பார்வையாளர் பத்தொன்பது பேர். அவர்களில் ஏழு பேர் ஓடுகிறவர்களின் மனைவிமார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். இது எங்களுக்கு உதவும்.

வதனிக்கு என் முத்தங்கள்.
உமது நித்தி

இணுவில்
30.12.1987

அன்புள்ள அத்தான்,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். டிசம்பர் கடிதம் மட்டும் கிடைத்தது.

ஒக்டோபரில் பதினெட்டு நாள் கோயிலில் இருந்தோம். ஒரு மண்டபத்தில் அறுநூறு பேர். திரும்பி வந்து பார்த்தால் வீட்டின் முன்பக்க ஓடுகள் இல்லை. குசினிப் பக்கம் தப்பிவிட்டது, அதில்தான் இப்போது இருக்கிறோம். இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. நீங்கள் அங்கே இருந்து யோசித்து உடம்பைக் கெடுக்க வேண்டாம்.

வதனி நல்ல சுகம். பள்ளிக்கூடம் தொடங்கினால் மூன்றாம் வகுப்பு. இப்போது கொஞ்சம் பிடிவாதம் கூடியிருக்கிறது. எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் செய்வாள்.

பலகையைக் காலில் கட்டி ஓடுகிறவர்களைப் பற்றி வாசித்துக் காட்டினேன். எங்கே போய்ச் சேரப் போகிறார்கள் என்று கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை.

அந்த விண்ணப்பத்தை மறக்காதீர்கள்.

என்றும் உங்கள் மலர்

விபோர்க்
24.1.1988

அன்புள்ள மலர்,

உமது கடிதத்தை நான்கு முறை வாசித்துவிட்டேன். இருவரும் சுகம் என்பதே பெரிய ஆறுதல். நானும் சுகம்.

சங்கத்தின் செயற்குழு என் யோசனையை ஏற்றுக்கொண்டது. காட்டுக்குப் போவதில்லை. ஊரின் நடுவில் உள்ள சதுக்கத்தில் முந்நூறு மீற்றர் வட்டப் பாதை. எட்டுப் பேர் ஒன்றாகப் புறப்பட வேண்டும். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் மணி அடிக்க வேண்டும், கடைசியாக வருபவர் வெளியே. நமது சைக்கிள் ஓட்டப் போட்டிகளில் செய்வதுதான். முன்னுக்கு நிற்பவரை மட்டும் பார்க்கும் சனம் பின்னுக்கு நிற்பவரையும் பார்க்கத் தொடங்கும். இந்த வருடம் பனியே பெய்யவில்லை. ஓகூஸ் நகரத்தில் உள்ள பனித்தரை மண்டபத்தில் சீவி எடுத்துக் கொட்டும் பனித்தூளை லொறியில் கொண்டுவரப் போகிறார்கள். பெப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை.

மணி அடிப்பது நான். வேறும் ஒரு சிறு வேலை தந்திருக்கிறார்கள்.

ஹோல்கரிடம் உங்களைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கத்து அறையில் இருக்கும் செல்வரட்ணத்தை உமக்குத் தெரியும்தானே, கொக்குவில் சுசீலாதேவியின் கணவர். அவர் நேற்றும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணை, வாயைத் துறந்து கேளுங்கோவன். இவங்களுக்குச் சாடை மாடை விளங்காது.”

“ஒரு மனுசன்ரை அலுவலை முடிச்சுக் குடுக்க முந்தி எங்கடை அலுவலைக் கேக்கிறதே? நல்லாயிருக்காது தம்பி.”

“நீங்கள் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரிப் பாத்துக்கொண்டிருங்கோ. அவர் தாம்பாளத்திலை வைச்சுக் கொண்டுவருவார்.”

அவர் இளையவர், அவசரப்படுகிறார். ஒருவருடைய காரியத்துக்கு நாம் ஓடித் திரிந்தால், உம்முடைய அலுவல் என்ன என்று அவரே ஒரு நாள் கேட்பார். அப்போது சொன்னால்தான் அந்தச் சிபாரிசுக்குப் பெறுமதி. இங்கர் நாள் முழுக்க இருப்பது எங்கள் விண்ணப்பம் கொடுத்த அதே அலுவலகத்தில் அல்லவா?

ஓட்டு வேலையை மழைக்கு முன் முடிக்கப் பாரும். வதனியைக் கண்டிக்க வேண்டாம்.

உமது நித்தி

விபோர்க்
23.2.1988

அன்புள்ள மலர்,

உங்கள் சுகத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். எனக்கு இலேசான தடிமன், மூக்கடைப்பு, வேறொன்றும் இல்லை. உமது பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். பந்தயம் நடந்து முடிந்தது.

பதினொரு லொறிப் பனி வந்தது. காலை பதினொரு மணிக்கே சதுக்கத்தின் மூன்று பக்கமும் சனம். நான் எண்ணிய அளவில் அறுநூற்றுக்குக் குறையாது. முதல் சுற்றில் ஒரு பல் வைத்தியர் வெளியே போனார். நான்காவது சுற்றில் மூன்று பேர் ஒருவர் பலகையை ஒருவர் மிதித்து விழ, கடைசியாக நின்ற தபால்காரர் அவர்களைச் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வந்தார். நான் மணி அடிக்கும் இடத்தில் நின்றேன். சனம் கத்திய கத்தில் மணிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. கடைசிச் சுற்றில் தபால்காரருக்கும் ஒரு மாணவனுக்கும் இடையே அரைப் பலகை நீளம். தபால்காரர் வென்றார். வழக்கமான பந்தயத்தில் அவர் பதினான்காவதாக வருபவராம்.

ஓட்டத்தின் நடுவில் விட்ட இடைவேளையில் பனியைத் திருத்தி அமைக்க இருபது நிமிடம் பிடித்தது. அந்த நேரம் சனம் கலையாமல் இருக்க ஒரு வேடிக்கை நடந்தது. அதுவும் நல்லபடி முடிந்தது.

ஹோல்கர் என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்த வருடமும் நீ வேண்டும் என்றார். இன்னும் சில நாளில் கேட்பார் என்று நினைக்கிறேன்.

உமது நித்தி

இணுவில்
10.4.1988

அன்புள்ள அத்தான்,

உங்கள் தடிமன் மாறியிருக்கும் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம்.

போன வெள்ளிக்கிழமை கொக்குவிலில் இருந்து சுசீலாதேவி சைக்கிளில் வந்தா. வாசலில் நின்றே, “மலரக்கா, உங்கடை மனுசன் பேப்பரிலை வந்திருக்கிறார்” என்று சத்தம் போட்டா. செல்வரட்ணம் தன் கடிதத்துக்குள் வைத்து அனுப்பிய பத்திரிகைத் துண்டு. பக்கத்து வீட்டுச் சனமும் வந்து பார்த்தது.

படத்தில் ஒருவர் பனியில் மல்லாந்து கிடக்கிறார். ஒரு பலகை காலில், மற்றது ஆகாயத்தில். நெஞ்சில் பூச்சியம் என்று எழுதிய துணி. தலையில் மட்டையில் வெட்டிய கிரீடம். சுற்றி நிற்கிற சனம் முழுக்கச் சிரிக்கிறது. நீங்கள் மணி அடித்தவர் என்று எனக்கு எழுதினீர்கள்.

கீழே எழுதியிருப்பதைச் செல்வரட்ணம் தமிழில் எழுதி வைத்திருந்தார். “எங்களுக்கு இங்கே எல்லாம் நல்லம், பனி மட்டும்தான் குளிர்.” அது நீங்கள் சொன்னதா?

வதனி துண்டைப் பார்த்துவிட்டு, அப்பா ஏன் விழுந்தவர் என்று கேட்டாள். வழுக்கினது என்றேன். பிறகு கிட்டப் போய்த் திரும்பவும் சொன்னேன்.

அவள் வகுப்பில் இப்போது முன் வரிசை வாங்கில் இருக்கிறாள்.

மலர்

விபோர்க்
3.7.1988

அன்புள்ள மலர்,

நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுத எனக்கு இரண்டு மாதம் பிடித்திருக்கிறது. இடையில் எழுதியவற்றைக் கிழித்துவிட்டேன். ஒரு நிருபர் ஒழுங்காக எழுதியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

ஜனவரிக் கூட்டத்தில் ஹோல்கர், இடைவேளையில் பத்து வயதுப் பிள்ளைகளோடு பனியே தெரியாத ஒருவரை ஓடவிட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டார். செயற்குழுவின் ஐந்து பேரும் சிரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். சம்மதம்தான். கிரீடத்தை வெட்டி ஒட்டியவர் ஒரு செயற்குழு உறுப்பினர். தலையில் வைத்துக்கொண்டவன் நான்.

ஒரு சுற்றில் நான்கு முறை விழுந்தேன். முதல் மூன்று முறையும் உண்மையாக விழுந்தேன். ஒவ்வொரு முறையும் சிரிப்பும் கைதட்டலும் கூடியதைக் கவனித்தேன். நான்காவது முறை விழவில்லை, விழுந்து காட்டினேன். அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது.

எழும்பி நின்றபோது உள்ளூர்ப் பத்திரிகை நிருபர், கியர்ஸ்டன் என்ற பெண், வந்தார். என் குடும்பம் எங்கே என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் என்றேன். “உங்கள் ஆட்களின் விண்ணப்பங்களுக்குப் பதில் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதைப் பற்றி ஏதாவது சொல்வீர்களா?” என்றார். பென்சிலைத் தயாராக வைத்திருந்தார். ஹோல்கரின் கை என் தோளில் இருந்தது. குறை சொன்னால் அவருக்கு மனம் கோணும் என்று நினைத்தேன். எல்லாம் நல்லம் என்றேன். பதினொரு வருடம் நான் அந்தப் பென்சிலோடு மற்றப் பக்கத்தில் நின்றவன். ஒருவன் பயத்தில் பொய் சொன்னால் அது முகத்தில் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

மார்ச்சில் ஒரு சட்டத்தரணி, விண்ணப்பங்கள் தாமதமாவது பற்றிய முறைப்பாட்டுக்கு நம்மவர்களிடம் கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார். செல்வரட்ணம் போட்டார். “அண்ணை, ஒரு கையெழுத்துத்தானே, கை தேயுமே?” என்று என்னையும் கேட்டார். என்னுடைய அலுவல் வேறு வழியால் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

ஹோல்கர் எதையும் கேட்கவில்லை. போன கிழமை நானே அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் எனக்குத் தேநீர் ஊற்றினார்.

“இங்கர் கடிதங்களை வாங்கித் தலைநகரத்துக்கு அனுப்புபவள். அவளால் ஒன்றும் செய்ய முடியாது. என்னாலும் முடியாது” என்றார்.

“நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால்...”

“யாரிடம்? எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. நித்தி, மனைவியும் பிள்ளையும் வருவதற்குச் சட்டப்படி உனக்கு உரிமை இருக்கிறது. அதற்கு நான் எதற்கு? அன்று அறுநூறு பேர் உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்களே. ஏன் சொல்லவில்லை?”

அப்புறம் கேட்டார், “அந்த ஓட்டம் உனக்கு விருப்பமில்லாமலா ஓடினாய்? நீயும் சிரித்தாயே.”

தேநீரைக் குடித்து முடிக்காமல் வந்துவிட்டேன்.

வதனிக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம்.

நித்தி

இணுவில்
14.8.1988

அன்புள்ள அத்தான்,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிவிட்டீர்கள், நானும் எழுத வேண்டும். வதனிக்குப் பிடிவாதம் ஒன்றும் இல்லை. அவளுக்குக் கேட்பதில்லை.

ஒக்டோபரில் கோயிலுக்கு ஓடும்போது பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய இடது காதால் இரத்தம் வந்தது. பிறகு சீழ். இப்போது அந்தக் காதில் ஒன்றுமே கேட்காது. வலது காதிலும் குறைகிறது. டொக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, “செவிப்பறை கிழிஞ்சிருக்கு பிள்ளை. ஒப்பரேசன் செய்ய வேணும். இஞ்சை இப்ப வசதியில்லை. நாள் கடத்தாதேங்கோ” என்றார். அது ஜனவரியில்.

இதை எழுதினால் நீங்கள் யாருடைய காலிலும் போய் விழுவீர்கள் என்று பயந்தேன். எழுதாமலே விழுந்திருக்கிறீர்கள். ஜனவரியில் எழுதியிருந்தால் அந்தப் பெண் கேட்டபோது உங்களுக்குச் சொல்ல வாய் வந்திருக்குமோ என்று இப்போது யோசிக்கிறேன். மறைத்தது நானும்தான்.

டொக்டர் தந்த கடிதத்தின் பிரதியை இதற்குள் வைத்திருக்கிறேன். இதை வைத்துக்கொண்டு சிரிக்காமல் ஒருவரிடம் பேசுங்கள்.

மலர்

விபோர்க்
16.10.1988

அன்புள்ள மலர்,

வதனிக்கு இப்போது எப்படி? சீழ் நின்றதா? அதை மட்டும் முதலில் எழுதும். நான் சுகம்.

டொக்டரின் கடிதத்தை மொழிபெயர்ப்பித்துச் சட்டத்தரணியிடம் கொடுத்து, முறைப்பாட்டில் கையெழுத்துப் போட்டேன். கடைசியாகப் போட்டவன் நான்தான். அவர் வாசித்துவிட்டு, இது மார்ச்சிலேயே தன்னிடம் இருந்திருக்க வேண்டும் என்றார். அப்போது எனக்கே தெரியாது என்றேன். அதைத் தவிர வேறு என்ன சொல்வது?

பிறகு செல்வரட்ணமும் நானும் கியர்ஸ்டனிடம் போனோம். இரண்டு மணி நேரம் இருந்தோம். திகதிகள் எல்லாவற்றையும் சொன்னேன். பெப்ரவரியில் நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். சனிக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கம் வந்திருக்கிறது. வதனியின் காதைப் பற்றியும் இருக்கிறது. மண்டபத்தில் என்னோடு வேலை செய்யும் பெண் அதை வாசித்துவிட்டு அழுதா.

ஹோல்கர் அடுத்த பந்தயத்துக்கு வரச் சொன்னார். மணி அடிக்க மட்டும் வருவேன் என்றேன். தலைகுனிந்தபடி, அது போதும் என்றார்.

உமது நித்தி

இணுவில்
22.1.1989

அன்புள்ள அத்தான்,

இந்த வருடம் எங்களை ஒன்று சேர்க்கட்டும். உங்களுக்குச் சுகம் என்று அறிந்து சந்தோஷம். வதனிக்குச் சீழ் குறைந்திருக்கிறது. வலது காதுப் பக்கம் நின்று பேசினால் கேட்கும்.

உங்கள் கடிதம் வந்த கிழமையே சுசீலாதேவியும் வந்தா. “அக்கா, அண்ணையும் இவரும் பேரைப் போட்டுப் பேப்பரிலை குடுத்திட்டினமாம். பயமில்லாத மனுசர்” என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்தா. போன வருடம் படத்தைப் பார்த்துச் சிரித்த பக்கத்து வீட்டுச் சனத்தையெல்லாம் நானே கூப்பிட்டுச் சொன்னேன். வதனி பள்ளிக்கூடத்தில், எங்கடை அப்பா பேரைப் போட்டுக் கேள்வி கேட்டவர் என்று சொல்லித் திரிகிறாள்.

ஏப்ரலில் உங்களுக்குக் கோபமாக எழுதிவிட்டேன். மனதில் வைக்காதீர்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு நான் நிமிர்ந்து நடக்கிறேன்.

என்றும் உங்கள் மலர்

விபோர்க்
9.4.1989

அன்புள்ள மலர்,

உங்கள் இருவரின் சுகத்தையும் இனி நேரில் பார்த்தே அறிவேன். அனுமதி வந்துவிட்டது. தந்தி கிடைத்திருக்கும். கொழும்பில் பயணப் பத்திரம் எடுக்க வேண்டிய இடமும் நேரமும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மே 9ஆம் திகதி காலை 10.40க்கு விமானம் கோபன்ஹேகனில் இறங்கும். 17ஆம் திகதி ஓகூஸ் வைத்தியசாலையில் வதனியைப் பார்ப்பார்கள். வலது காதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். இடதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

முறைப்பாட்டுக்குப் பிறகு கிடப்பில் இருந்த எல்லோருடைய விண்ணப்பங்களையும் எடுத்துப் பார்க்கிறார்கள். செல்வரட்ணத்துக்கும் எனக்கும் ஒரே கிழமையில் பதில் வந்தது. சுசீலாதேவி உங்களோடு அதே விமானத்தில் வருவா.

உமது ஜனவரிக் கடிதத்துக்கு இதுவரை நான் பதில் போடவில்லை. அந்தக் கட்டுரையில் செல்வரட்ணத்தின் முழுப் பெயர், வயது, தெரு எல்லாம் இருக்கின்றன. அடுத்த பந்தியில் “பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு தமிழர்” என்று இருக்கிறது. அது நான். கியர்ஸ்டன் மூன்று முறை கேட்டார். பெயர் வந்தால் எங்கள் விண்ணப்பத்தை இன்னும் கீழே தள்ளிவிடுவார்கள் என்று பயந்தேன். செல்வரட்ணத்துக்கும் அதே பயம் இருந்தது. அவருக்கும் மனைவி அங்கேதான். பயந்துகொண்டே அவர் பெயரைக் கொடுத்தார், நான் கொடுக்கவில்லை. ஒக்டோபரில் உமக்கு எழுதும்போது அந்த இடத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். செல்வரட்ணமும் தன் மனைவிக்கு என்னை விட்டுக்கொடுக்காமல் எழுதியிருக்கிறார்.

நீர் இங்கே வந்து மற்றவர் வாயால் கேட்பதற்கு முன் என் கையெழுத்தில் வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

சுசீலாதேவிக்கு நீர் எதுவும் சொல்ல வேண்டாம். விமான நிலையத்தில் அவவிடம் நானே சொல்கிறேன். வதனிக்கு மட்டும் புறப்படுவதற்கு முன் நீர் சொல்லிவிட வேண்டும். வலது பக்கம் இருந்து, மெதுவாகச் சொல்லும். அவள் என்னைப் பார்க்கும்போது தெரிந்துகொண்டே பார்க்கட்டும்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
நித்தி